வேலை இல்லை என்பதற்கு ஒரு பொன்னாடை

மேகமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். தேடிப் புறப்பட்ட சிலர் நாலு திசையும் சுற்றிவிட்டு, கடைசியில் அவரவர் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலேயே வந்து இறங்கியிருக்கிறார்கள்.

அந்த நாட்டை ஆண்டவர் அகண்டகீர்த்தி மகாராஜா. மகாராஜாதான் என்றாலும் மக்கள் ஒப்புக்கொண்ட மகாராஜா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெருந்திடலில் மேடை போட்டு அவரை ஏற்றி நிற்கவைத்து, “இவரே இருக்கட்டுமா?” என்று மக்களைக் கேட்பார்கள். “இருக்கட்டும்” என்று மக்கள் சொல்வார்கள். எதிர்த்து நிற்க யாருக்கும் தடை கிடையாது. நிற்க நினைத்தவர்களுக்கெல்லாம் சரியாக அந்தச் சமயம் பார்த்து வயிற்றுப்போக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

அரண்மனையில் கட்டியக்காரனாக இருந்தவன் மாசாத்தன். மகாராஜா எங்கே போனாலும் அவருக்கு முன்னால் நடந்து, அவருடைய பட்டங்களை முழங்குவது அவன் வேலை. “அஞ்சாத சிங்கம், ஆறு குலத்து மாணிக்கம், அகில உலக அறிவுச்சுடர்” என்று அவன் அரண்மனையில் குரல் எடுத்தால் ஆற்றில் துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மகாராஜா கொல்லைப்புறம் போகும்போதும் முழங்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். மற்றபடி நல்ல வேலை. வேலையோடு கட்டியக்காரர் தெருவில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். ஒழுகாத கூரை, முற்றத்தில் ஒரு முருங்கை, நப்பின்னை என்ற மனைவி. மனைவியை அரசு கொடுக்கவில்லை. அவளாக வந்தவள், அதனால்தான் அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகர்கள் சில கிளிகளைக் கொண்டுவந்தார்கள். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் கிளிகள். மகாராஜாவின் பட்டங்களை ஒரு மூச்சில் ஒப்பித்தன. மறுநாள் தொழில்வளத்துறை அமைச்சர் பெருமிதனார் மாசாத்தனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“மாசாத்தா, உன் தொண்டையின் நலனில் அரசு மிகுந்த அக்கறை கொண்டுள்ளது” என்றார் அமைச்சர். “ஆகவே அதற்கு நிரந்தர ஓய்வு அளிக்க முடிவு செய்திருக்கிறோம்.”

“என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லைங்களே ஐயா.”

“இப்போது இல்லை. வருமுன் காப்பதே நல்லரசு. மேலும், கிளி விடுப்பு கேட்பதில்லை. கிளிக்கு மாமியார் சாவதில்லை. போன ஆண்டு மட்டும் உன் மாமியார் இரண்டு முறை இறந்திருக்கிறார்.”

மாசாத்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கும் ஒரு விதி இருந்தது. அரசு வேலையில் இருப்பவனுக்குத்தான் அரசு வீடு. ஐப்பசி மழை இறங்குவதற்குள் வேறு ஏதாவது அரசு வேலை தேடிக்கொண்டால் குடியிருக்கலாம். இல்லையென்றால் அந்த வீட்டில் கிளிகள் குடியேறும். அளந்து பார்க்கக் கிளிப்பாகன் ஒருவன் கயிறோடு வந்தான். அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இந்த உள்ரூம்ல காத்தே வரலியேம்மா. கிளிங்களுக்கு ஆகாதே.”

“இத்தனை வருஷமா நாங்க அதுலதானே படுத்துக் கெடக்கோம்” என்றாள் நப்பின்னை.

“மனுஷங்க எதுக்கும் பழகிக்குவாங்கம்மா. கிளி அப்படியில்ல. ஒசத்தி ஜாதி.”

மாசாத்தன் வேலை தேடிப் புறப்பட்டான். அவனுக்கு முன்பே பாதி நாடு புறப்பட்டிருந்தது என்பது தெருமுனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. யானைக்கொட்டடியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போய் வரிசையில் நின்றான்.

“யானையோடு பழகிய அனுபவம் உண்டா?” என்று கேட்டார் கொட்டடி அதிகாரி.

“இல்லைங்க. மகாராஜாவோட பழகியிருக்கேன்.”

“அது வேறு” என்றார் அதிகாரி. “யானை பசித்தால் மட்டும்தான் பிளிறும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

படகுத்துறையில் துடுப்புப் போட்ட அனுபவம் கேட்டார்கள். உப்பளத்தில் உப்பு வாரிய அனுபவம் கேட்டார்கள். அரண்மனை வாசலில் சும்மா நிற்கும் வேலைக்குக்கூட, இதற்கு முன் எங்கே சும்மா நின்றாய் என்று கேட்டார்கள். மக்கள் முணுமுணுப்பது மெல்ல மகாராஜாவின் காதுவரை போயிற்று. தேர்தல் ஆண்டு வேறு. மகாராஜா அமைச்சரவையைக் கூட்டினார்.

“நாட்டில் வேலை இல்லையாமே, பெருமிதனாரே?”

“வேலை ஏராளம், மன்னர் மன்னா. குடிமக்கள்தான் அனுபவம் இல்லாமல் பிறந்துவிடுகிறார்கள்.”

மகாராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. உடனே ஒரு சட்டம் பிறந்தது. எந்த வேலைக்கும் அந்த வேலையை ஏற்கெனவே செய்தவரை மட்டுமே எடுக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். கிழவர்கள் ஓய்வு பெற்றபோது அவர்கள் இடத்துக்கு ஆளே வரவில்லை. காலியிடங்கள் ஒருபக்கம் பெருகின, காலியாக நிற்பவர்கள் ஒருபக்கம் பெருகினார்கள். இரண்டுக்கும் நடுவே சட்டம் கம்பீரமாக நின்றது.

முணுமுணுப்பு இன்னும் கூடியது. இந்தமுறை மகாராஜாவே ஒரு யோசனை சொன்னார். அவர் மனம் இளகிய மனம், அதை மறுப்பதற்கில்லை.

“வேலை கேட்டு வந்த குடிமகன் வெறும் தோளோடு திரும்பிப் போகிறான். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. இனி, வேலை இல்லை என்று எவரிடமும் சொல்லக் கூடாது. அவர் தோளில் ஒரு பொன்னாடை போர்த்தி, அவரைப் பாராட்டி அனுப்ப வேண்டும்.”

அவையில் கரகோஷம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இப்படித்தான் நகரின் நடுவே நேர்காணல் மண்டபம் எழுந்தது. எல்லா வேலைக்கும் அங்கேதான் நேர்காணல். உள்ளே போகிறவன் கேள்விக்குப் பதில் சொல்வான். வெளியே வரும்போது தோளில் ஜரிகை போட்ட பொன்னாடை மின்னும். போர்த்தும்போது அரசு வகுத்த வாசகத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்: “உங்கள் திறமை கண்டு அரசு வியந்தது. தகுந்த இடம் வரும்போது சொல்லி அனுப்புகிறோம்.”

முதல் பொன்னாடையோடு மாசாத்தன் வீட்டுக்கு வந்தபோது, வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து நப்பின்னை பாயசத்துக்காகப் பக்கத்து வீட்டில் வெல்லம் கடன் வாங்கிவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகு அந்த வெல்லத்தைச் சும்மாவே கடித்துத் தின்றாள். அடுத்தடுத்து வந்த பொன்னாடைகளை அவள் தலையணை உறையாக்கினாள், உலைப்பானை இறக்கும் பிடிதுணியாக்கினாள். ஜரிகை கன்னத்தில் குத்துகிறது என்று மாசாத்தன் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கையை மடக்கி வைத்துப் படுத்தான்.

ஊரே இப்படித்தான் ஆயிற்று. மாடு மேய்க்கிறவன் பொன்னாடையோடு மேய்த்தான். கிணற்றடியில் சண்டை போட்டவர்கள் ஒருவர் பொன்னாடையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இந்த நாட்டில் பிச்சைக்காரர்கூட ஜரிகை உடுத்துகிறார் என்று மூக்கில் விரல் வைத்தார். பெருமிதனார் அதைப் பிடித்துக்கொண்டார். பொன்னாடை பெற்றவர் கௌரவிக்கப்பட்டவர், கௌரவிக்கப்பட்டவர் எப்படி வேலையற்றவர் ஆவார் என்று அவையில் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே நாட்டில் வேலையில்லாதவரே இல்லை என்று பறையறைந்தார்கள். வேலையில்லாதவரே இல்லாத நாட்டில் கஞ்சித்தொட்டி எதற்கு என்று அதையும் மூடினார்கள்.

இதற்குள் நூலெல்லாம் பொன்னாடைக்கே போய்விட்டது. வேட்டி கிழிந்தால் மாற்று வேட்டி கிடைக்கவில்லை. பொன்னாடையை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம் என்றால் அது அரச அவமதிப்பு. மேலே பளபளப்பும் கீழே கிழிசலுமாக மேகமங்கலம் நடமாடியது. மானம் பெரிது என்று வளர்ந்த ஜனங்கள், எந்தப் பக்கத்து மானம் என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஐப்பசி நெருங்கியது. கிளிப்பாகன் மறுபடி வந்து முருங்கை மரத்தில் ஊஞ்சல் கட்ட இடம் பார்த்துவிட்டுப் போனான். அந்தச் சமயத்தில்தான் மண்டபத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. காலையிலிருந்து மாலைவரை போர்த்தினால் யாருக்குத்தான் பிசகாது? போர்த்துநர் வேலைக்கு ஆள் தேவை என்று அறிவித்தார்கள். மாசாத்தன் ஓடினான்.

“பொன்னாடையில் முன்னனுபவம் உண்டா?” என்று கேட்டார் மண்டபத்துத் தலைமை அதிகாரி.

“வீடு கொள்ளாம இருக்குங்க.”

“வாங்கிய அனுபவமா, போர்த்திய அனுபவமா?”

“ரெண்டும் ஒரே துணிதானுங்களே ஐயா.”

அதிகாரி சட்டத்தை நினைத்துப் பார்த்தார். அனுபவம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. வாசகத்தை ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார். மாசாத்தன் சொன்னதும் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. வேலை அவனுக்குக் கிடைத்தது. அன்றிரவு நப்பின்னை உண்மையாகவே பாயசம் வைத்தாள். வீடு தப்பிவிட்டது என்ற சந்தோஷத்தில் இரண்டு பேரும் காற்று வராத உள்ளறையில் படுத்துச் சிரித்துக்கொண்டே கிடந்தார்கள்.

முதல் மாதம் முடிந்து சம்பளம் கேட்டபோது, களஞ்சியத்தில் நெல் இல்லை, பொன்னாடையாக வாங்கிக்கொள் என்றார்கள். வீடு இருக்கிறது, அடுப்பு எரியவில்லை. மாசாத்தன் அதையே வாங்கிக்கொண்டு வந்தான். வேலை போனால் வீடு போகும். அதனால் நப்பின்னை வேலை தேடிப் புறப்பட்டாள். அரண்மனைச் சமையல்கட்டில் காலியிடம் இருந்தது. கணவனிடம் சொல்லாமல் மண்டபத்து வரிசையில் போய் நின்றாள்.

அவள் முறை வந்தபோது மாசாத்தன் கையில் மடித்த பொன்னாடையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பொன்னாடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“சமைத்த அனுபவம் உண்டா?” என்று கேட்டார் அதிகாரி.

“தெனமும் வீட்ல சமைக்கிறேனே.”

“வீட்டில் சமைப்பது வேலை ஆகாது.”

“அப்ப ஒரு வாரம் எங்க வீட்டுக்கு வந்து அந்த வேலையில்லாததைச் செஞ்சு பாருங்க. புகையில உங்க கண்ணு என்ன ஆகுதுன்னு தெரியும்.”

அதிகாரி மாசாத்தனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மாசாத்தன் பொன்னாடையை விரித்து அவள் தோளில் போட்டான். வாசகத்தை முனகினான்.

“என்ன முனகல்? எனக்கு முன்னாடி போன பொம்பளைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னீங்க” என்றாள் நப்பின்னை. “எனக்கு மட்டும் என்ன சலுகை? சத்தமா சொல்லுங்க.”

அவன் சத்தமாகச் சொன்னான். அந்த ஒரு வாசகத்தைச் சொல்வதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம், அவர்கள் வீட்டிலும் அடுப்பு இப்படித்தானே கிடந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நப்பின்னை பொன்னாடையைக் கொடியில் போட்டுவிட்டு, “போர்த்துறது நல்லாத்தான் வருது உங்களுக்கு. பொழைச்சுக்குவீங்க” என்றாள். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாள்: “ஆனா யாரா இருந்தாலும் ஒரே மாதிரி சொல்லுங்க. ஆளைப் பார்த்துக் குரலை ஏத்தி எறக்குனா, அது கிளியைவிடக் கேவலம்.”

தேர்தல் நாள் வந்தது. பெருமிதனார் மாசாத்தனைத் தனியே கூப்பிட்டார். விழா மேடையில் மகாராஜாவுக்கு மக்கள் சார்பாக ஒரு பொன்னாடை போர்த்தினால் எடுப்பாக இருக்கும் என்று அமைச்சருக்கு ஓர் எண்ணம் உதித்திருந்தது. மண்டபத்தின் திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. மகாராஜா போனதே இல்லை. இருவருக்கும் பொன்னாடை என்றால் மரியாதைதான், அதன் பின்னால் இருந்த ‘வேலை இல்லை’ எப்போதோ மறந்துபோயிருந்தது.

“கிளிகளால் போர்த்த இயலாது. ஆகவே உன்னை அழைத்தேன்” என்றார் அமைச்சர். “போர்த்திவிட்டுப் பழையபடி பட்டங்களை முழங்கு. பிறகு, ‘இவரே இருக்கட்டுமா?’ என்று கேள். நன்றாகச் செய்தால் அந்த வீட்டை உனக்கே எழுதித் தரச் செய்கிறேன். பிசகினால் வீடும் இல்லை, வேலையும் இல்லை. விளங்கிற்றா?”

“விளங்குதுங்க” என்றான் மாசாத்தன்.

பெருந்திடல் நிறைந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பொன்னாடைகள் வெயிலில் தகதகத்தன. மகாராஜா பேசினார்.

“என் அருமை மக்களே, எங்கு நோக்கினும் பொன்னாடை! வேறு எந்த நாட்டில் இத்தனை பேர் கௌரவிக்கப்பட்டிருக்கிறார்கள்? நீங்கள் பெற்ற இன்பத்தை நானும் பெற விரும்புகிறேன்.”

மாசாத்தன் மேடையேறினான். பொன்னாடையை விரித்தான். மகாராஜா சிரித்தபடி கழுத்தைக் குனிந்து கொடுத்தார். கீழே கூட்டத்தில் தெரிந்த முகங்கள். யானைக்கொட்டடி வரிசையில் கூட நின்றவர்கள், தன் கையால் பொன்னாடை வாங்கியவர்கள், முன்வரிசையில் நப்பின்னை. வீடு வேண்டும் என்ற ஆசை அவனுக்கு நெஞ்சு முட்ட இருந்தது. ஒழுகாத கூரை என்ன சாமானியமா? பட்டங்கள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. பொன்னாடையை மகாராஜாவின் தோளில் படியவிட்டான். நிமிர்ந்து, மண்டபத்தில் எல்லோருக்கும் சொன்ன அதே குரலில் சொன்னான்.

“உங்கள் திறமை கண்டு அரசு வியந்தது. தகுந்த இடம் வரும்போது சொல்லி அனுப்புகிறோம்.”

கூட்டத்தில் எங்கோ ஒரு கிழவி கெக்கெக்கென்று சிரித்தாள். அது பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றி, அங்கிருந்து திடல் முழுக்கப் பரவியது. சிரித்துச் சிரித்து ஜனங்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. பொன்னாடைகள் ஒருவழியாக எதற்கோ உதவின, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “இவரே இருக்கட்டுமா?” என்ற கேள்வியை மாசாத்தன் கேட்டான். “இருக்கட்டும்” என்று சொல்ல ஒரு வாய்கூட மிச்சமில்லை.

மகாராஜாவுக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி. தன்னை இதுவரை யாரும் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டறியாதவர் அவர்.

“அருமை, அருமை. எப்போது சொல்லி அனுப்புவீர்கள்?” என்றார்.

“எங்களுக்கும் அதே சந்தேகம்தான் ராஜா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மகாராஜா கைகூப்பிவிட்டு, சொல்லி அனுப்பும்வரை காத்திருக்கக் கோடை மாளிகைக்குக் கிளம்பிப் போனார். பட்டத்து யானை வந்து அழைத்துப்போகும் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. மாசாத்தன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. சொல்ல வேண்டியவர்தான் அங்கே காத்திருக்கிறாரே.

திடலில் சிரிப்பு அடங்கியதும் பெருமிதனார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“மன்னர் பதவி காலியாகிவிட்டது. வருத்தமே. ஆனால் சட்டம் சட்டம்தான். ஏற்கெனவே மன்னராக இருந்த அனுபவம் உள்ளவரைத்தான் மன்னராக்க முடியும். நாட்டில் அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரையே அழைத்து வந்துவிடலாமா?”

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரித்ததெல்லாம் வீணா என்று சிலருக்கு முகம் விழுந்தது. நப்பின்னை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள்.

“சட்டம் போட்டவரு எழுந்து போயிட்டாரு. இப்ப நாங்க போடுறோம். இந்த நாட்டை ஆண்ட அனுபவம் கொஞ்சங்கூட இல்லாதவங்க மட்டும் வரிசையில நில்லுங்க. இதுவரைக்கும் நடந்ததுல எந்தப் பங்கும் இருந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் தகுதி.”

திடலே எழுந்து ஆரவாரம் செய்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வேலைக்கு மொத்த நாட்டுக்கும் தகுதி இருந்தது. மாடு மேய்க்கிறவன் ஓடி வந்தான், உப்பளத்துக்காரி ஓடி வந்தாள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வரிசை கட்டினார்கள். தூசி அடங்கியபோது வரிசையின் முதல் ஆளாக, கிரீடம் போன்ற தன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெருமிதனார் நின்றிருந்தார்.

மாசாத்தன் அவரிடம் போய், முறைப்படி, “முன்னனுபவம் ஏதும் உண்டுங்களா?” என்று கேட்டான்.

“துளியும் கிடையாது தம்பி” என்றார் பெருமிதனார். “இத்தனை வருஷமாக அமைச்சராக இருந்தேனே ஒழிய, ஒருநாள் ஒரு வேலை செய்தது கிடையாது. சந்தேகம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.”

கேட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னது பொய் என்று சொல்ல அந்த நாட்டில் ஒருவருக்கும் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.